எண்ணால் ஒலியை எழுதிய அறிஞர்: அலெக் ஹார்லி ரீவ்ஸ்

தோற்றுவாய்

உலகிற்கு நன்மை செய்த அறிஞரை இருவகையினராகப் பகுத்துக் கூறலாம். தாம் ஆக்கிய பொருளோடு தம் பெயரும் உடன் வழங்கப்பெறும் பேறுற்றோர் ஒரு வகையினர். தாம் ஆக்கிய பொருள் நாள்தோறும் கோடிக்கணக்கான மக்கள் செவியிற் புகுந்து பயன்படவும், துறையறிந்தார் நாவிலன்றிப் பிறர் நாவில் தம் பெயர் வழங்கப்பெறாதோர் மற்றொரு வகையினர். தொலைபேசி என்றவுடன் கிரகாம் பெல்லையும், கம்பியில்லாத் தந்தி என்றவுடன் மார்க்கோனியையும் சிறுவரும் கூறுவர். ஆயின், அத்தொலைபேசியிற் செல்லும் குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறையை முதன்முதல் தெளிவுற வகுத்தவர் யார் எனின், விடை கூறுவார் சிலரே. அவர்தாம் தொலைத்தொடர்புத் துறையினர் அனைவரும் போற்றும் அலெக் ஹார்லி ரீவ்ஸ் என்னும் ஆங்கில அறிஞர். அவர் வரலாற்றையும், அவ்வரலாற்றினின்று மாணவராகிய நாம் கொள்ளத்தக்க சில கருத்துக்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன்.

புதுக்கோட்டை நாட்டில் பிறந்தார்க்கு ஒலியைக் குறியாக மாற்றி வைக்கும் முயற்சி முற்றிலும் புதியதன்று. குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி திருக்கோயிலின் பின்னுள்ள பாறைச் சரிவில் இசைக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. ஏழாம் நூற்றாண்டினது என்பர் ஆராய்ச்சியாளர். ஏழு பண்களுக்குரிய சுரங்கள் நந்நான்காகக் கூட்டப்பெற்றுப் பல்லவ கிரந்த எழுத்தில் அங்கே வரிசையாக நிற்கின்றன. உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கராய அரசர் ஒருவர், இசை பயில்வார் நலங்கருதி அதனைச் செய்வித்தார் என்பது அக்கல்வெட்டின் இறுதிப் பகுதியால் விளங்கும். ஒவ்வொரு சுரத்தின் எழுத்தும் வெவ்வேறு உயிரொலி ஏறிப் பல வடிவங்களில் வருகின்றது. அவ்வேறுபாடுகள் எவ்வெவ்வொலியைக் குறிப்பன என்பதில் அறிஞர் இன்றும் கருத்து வேறுபடுவர். குறி அழியாது நிற்கின்றது; குறியை மீண்டும் ஒலியாக்கும் திறவுகோலே மறைந்துபோயிற்று. ஒலியைக் குறியாக்குவோன் ஒருவனும், குறியை ஒலியாக்குவோன் ஒருவனும் ஆகிய இருவரும் ஒரே முறையை அறிந்திருந்தாலன்றிப் பயனில்லை என்னும் உண்மையை அப்பாறை நமக்கு அறிவுறுத்துகின்றது. ரீவ்ஸின் வாழ்க்கைப்பணி முழுவதும் இவ்வுண்மையையே சுற்றி நின்றது.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்து தேசத்துச் சர்ரே மாகாணத்தில் ரெட்ஹில் என்னும் ஊரில் 1902-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் ரீவ்ஸ் பிறந்தார். அணித்தேயுள்ள ரெய்கேட் ஊர்ப் பள்ளியிற் பயின்று, உதவிச் சம்பளம் பெற்று, இலண்டன் மாநகரத்துச் சிட்டி அண்டு கில்ட்ஸ் பொறியியற் கல்லூரியில் 1918-ஆம் ஆண்டு சேர்ந்தார். முதல் உலகப் பெரும்போர் முடிவெய்திய ஆண்டும் அதுவே. 1921-ஆம் ஆண்டில் இம்பீரியல் கல்லூரியில் மேற்படிப்பைத் தொடர்ந்தார். பின்னர் 1923-ஆம் ஆண்டு இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்னும் கம்பெனியிற் பணியேற்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. நம்மிற் பலர் பட்டம் பெற்று வெளியேறும் அவ்வயதிலேயே, கடலைக் கடந்து மனிதக் குரலைச் செலுத்தும் பெருமுயற்சியில் அவர் ஈடுபடலானார்.

கடல் கடந்த பேச்சு

அட்லாண்டிக் மாகடலின் ஒரு கரையில் இலண்டனும் மறுகரையில் நியூயார்க்கும் உள்ளன. இவ்விரு நகரங்களிடையே கம்பியில்லா முறையில் தொலைபேசிப் பேச்சு 1927-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பெற்றது. அதனை இயற்றிய குழுவில் ரீவ்சும் ஒருவர். அவ்வாண்டிலேயே அவர் பாரிஸ் நகரிலிருந்த ஆய்வுக்கூடத்திற்கு மாற்றப்பட்டார். அங்கிருந்தவாறே ஸ்பெயின் தேசத்திற்கும் தென்னமெரிக்காவிற்கும் இடையே சிற்றலைத் தொலைபேசித் தொடர்பை அமைக்கும் பணியிலும், அதனையொத்த பிற பணிகளிலும் ஈடுபட்டு நற்பெயர் பெற்றார்.

ஆயினும், பெரும்பெயர் பெற்ற இவ்வேலைகளின் நடுவே குறை ஒன்று அவர் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நெடுந்தூரம் செல்லும் மின்னோட்டம் வழியில் நலிவுறும். நலிந்ததை ஆங்காங்கே பெருக்கிக் கொடுக்கும் பொறிகளை அமைத்தல் வேண்டும். அப்பொறிகளோ குரலைப் பெருக்குவதோடு, வழியிற் கலந்த இரைச்சலையும் உடன் பெருக்கின. ஒரு பொறியைக் கடந்த இரைச்சல் அடுத்த பொறியில் மேலும் பெருகிற்று. இவ்வாறு பற்பல பொறிகளைக் கடந்து சென்றடைந்த பேச்சிற் குரல் எது, இரைச்சல் எது என்று பிரித்தறிய ஒண்ணாத நிலை உண்டாயிற்று.

பாரிசில் பிறந்த கருத்து

இக்குறையைத் தீர்க்க ரீவ்ஸ் கண்ட வழியைத் தமிழ் மாணவர்க்கு விளங்க உரைப்பதற்கு ஏட்டுச் சுவடியே தக்க உவமையாகும். ஓவியம் ஒன்றைப் பார்த்து ஒருவன் வரைய, அவன் வரைந்ததைப் பார்த்து மற்றொருவன் வரைய, இங்ஙனம் இருபது கை மாறினால் முதல் ஓவியத்தின் சாயல் மறைந்துபோகும். எழுத்தின் நிலை அத்தகையதன்று. செல்லரித்து மங்கிய ஓலையாயினும், இஃது ககரம், இஃது மகரம் என்று தெளிந்துகொள்ளும் அளவிற்கு எழுத்துத் தெரியுமாயின், பெயர்த்தெழுதுவோன் புதிய ஓலையிற் புத்தெழுத்தாகவே அதனை எழுதிவிடுவான். மங்கலும் அரிப்பும் பழைய ஓலையோடு ஒழியும். எனவே, குரலை ஓவியம்போல் அனுப்பாது எழுத்துப்போல் அனுப்பினால் என்ன என்பதே ரீவ்ஸின் கருத்து.

அதற்கு அவர் வகுத்த முறை வருமாறு: பேச்சொலியால் உண்டாகும் மின்னோட்டத்தின் அளவை ஒரு நொடியிற் பல்லாயிரம் முறை அளந்துகொள்ள வேண்டும். அளந்த ஒவ்வோர் அளவையும் குறிப்பிட்ட படிகளுள் ஒன்றோடு பொருத்தி, அப்படியின் எண்ணை எழுத வேண்டும். அவ்வெண்ணை உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளால் ஆகிய துடிப்புக்களாக்கிச் செலுத்த வேண்டும். வழியிலுள்ள பொறி துடிப்பு உண்டா, இல்லையா என்று மட்டும் தெளிந்து, உண்டாயிற் புதுத்துடிப்பை எழுப்பி அனுப்பும். இரைச்சல் அங்கேயே நின்றுவிடும். ரீவ்ஸ் தம் குறிப்பில் 32 படிகளைக் கொண்டார். ஐந்து துடிப்புக்களால் அவை அனைத்தையும் குறித்துவிடலாம். இம்முறையைத் துடிப்புக் குறிப் பண்பேற்றம் என்று தமிழிற் கூறலாம்; துறையினர் பி.சி.எம். என்று சுருக்கி வழங்குவர். 1938-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் இதற்குக் காப்புரிமை வேண்டி அவர் விண்ணப்பித்தார். அமெரிக்க ஐக்கிய நாட்டுக் காப்புரிமை 1942-ஆம் ஆண்டு வழங்கப்பெற்றது. இதனையொத்த கருத்தொன்றை அமெரிக்கராகிய பால் ரெய்னி என்பார் 1926-ஆம் ஆண்டிலேயே படங்களை அனுப்புதற்குக் கூறியிருந்தார். ஆனால் அஃது ஒருவராலும் பேணப்பெறாது மறைந்துகிடந்தது. ரீவ்சும் அதனை அறிந்தாரல்லர். பேச்சொலிக்கு இம்முறையே வழியாகும் என்று கண்டு வகுத்த பெருமை ரீவ்சையே சாரும்.

போரும் மனச்சான்றும்

1940-ஆம் ஆண்டு செருமானியப் படை பாரிசை நெருங்கியபோது ரீவ்ஸ் அந்நகரை விட்டு நீங்கித் தாய்நாடு சேர்ந்தார். அறிவியலைக் கொலைத் தொழிலுக்குப் பயன்படுத்துதல் அவர் இயல்புக்கு ஒவ்வாதது. எனினும் நாசிக் கட்சியினரின் கொடுமையை வென்றாலன்றி மக்களினத்திற்கு உய்வில்லை என்பதையும் அவர் உணர்ந்தார். இவ்விரண்டிற்கும் இடையே நின்று உழன்ற உள்ளத்தோடு அவர் ஆக்கித் தந்ததே ஓபோ என்னும் வழிகாட்டுமுறை. பிராங்கு ஜோன்ஸ் என்னும் அறிஞர் அவருக்கு உற்ற துணைவராய் இருந்தார். ஓபோ என்பது ஓர் ஊதுகுழலின் பெயர். அம்முறையில் விமானியின் செவியிற் கேட்ட ஒலி அக்குழலின் ஓசையை ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்தது.

இங்கிலாந்தில் இரண்டு நிலையங்கள் இருந்தன. ஒன்று விமானத்தின் தொலைவை இடையறாது அளந்து, குறித்த வட்டக்கோட்டினின்று அது விலகாதவாறு ஒலிக்குறியால் விமானியை நடத்தும். மற்றொன்று குறித்த இடம் வந்தவுடன் அதனை அறிவிக்கும். 1942-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் இரவு ஆறு விமானங்கள் முதன்முதல் இம்முறையைக் கைக்கொண்டு நெதர்லாந்திலுள்ள லுட்டராடே என்னும் இடத்து மின்னிலையத்தை நோக்கிச் சென்றன. அடுத்த ஆண்டிலோ ரூர் பள்ளத்தாக்கின் தொழில் நகரங்கள் மீது நூற்றுக்கணக்கான விமானங்கள் குண்டு பொழிந்தபொழுது, இலக்கைக் காட்டும் ஒளிக்குறிகளை இட்டவை ஓபோ பொருத்திய விமானங்களே. ஆலைகள் அழிந்தன. அவ்வாலைகளைச் சூழ்ந்து வாழ்ந்த பெண்டிரும் குழந்தைகளும் பெருந்தொகையாக மாண்டனர்.

இதனை மறைத்து ரீவ்ஸைப் புகழ்தல் நேர்மையாகாது. குறி தவறாமையே கொடுமையைக் குறைக்கும் என்று கருதித் தொடங்கிய பணி, கொடுமைக்கும் கருவியாயிற்று. ஆயினும் அதே ஓபோவிற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களின் இறுதியில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி மக்கள் பசியால் வாடி மடிந்துகொண்டிருந்தனர். நேசநாட்டு விமானங்கள் குண்டுகளுக்கு மாறாக உணவு மூட்டைகளைச் சுமந்து சென்றன. இஸ்ரவேலர்க்கு வனாந்தரத்திற் கிடைத்த மன்னாவின் பெயரையே அம்முயற்சிக்குச் சூட்டினர். உணவை இடவேண்டிய களங்களைக் குறித்துக் காட்டச் சென்ற விமானங்கள் ஓபோவையே துணையாகக் கொண்டன. ஒரே கருவி, ஒரே ஒலி, ஒரே வட்டக்கோடு. ஏற்றிச் சென்ற பொருளே வேறு. கருவி தானாக அறம் செய்வதும் இல்லை, மறம் செய்வதும் இல்லை என்று சொல்லி நாம் அமைதியடைந்துவிடலாகாது. ஆக்கியோன் அதற்குப் பொறுப்பாளன் அல்லன் என்பது அதனாற் பெறப்படாது. தாம் ஆக்குவது யார் கையிற் சேரும் என்று ரீவ்ஸ் எண்ணிப் பார்த்தார்; எண்ணியும் விடையை எளிதிற் கண்டாரல்லர். எண்ணிப் பாராமலே ஆக்குவோர் மலிந்த இக்காலத்தில் அவ்வளவேனும் நாம் பெற்றுக்கொள்ளத்தக்க பாடமாகும்.

காலத்தை முந்திய கண்டுபிடிப்பு

ரீவ்ஸின் எண்முறை உடனே உலகிற் பரவவில்லை. அக்காலத்து வால்வுகளைக் கொண்டு அதனை இயற்றுவதாயிற் செலவும் இடமும் மிகுதியாக வேண்டியிருந்தன. போர்க்காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் மறைபொருளாகப் பேசுதற்கு ஆக்கிய சிக்சலி என்னும் பொறி எண்முறையைக் கையாண்டது. அதன் பருமனோ ஓர் அறையை நிரப்பும் அளவினது. டிரான்சிஸ்டர் தோன்றிய பின்னரே எண்முறை எளிதாயிற்று. 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் கம்பெனியார் 24 பேச்சுக்களை ஒன்றாகச் செலுத்தும் எண்முறைத் தடங்களைத் தொழின்முறையில் அமைத்தனர். 1968-ஆம் ஆண்டு இலண்டனில் எம்பிரஸ் என்னும் இணைப்பகத்தில் எண்முறையிலேயே அழைப்புக்களை இணைத்துத் தந்தனர். ஆனால் 1942-ஆம் ஆண்டு அமெரிக்கா தந்த உரிமையின் பதினேழாண்டு எல்லை 1959-ஆம் ஆண்டோடு முடிந்துபோயிற்று. மரம் கனிவதற்கு மூன்றாண்டு முன்னரே, அதனை நட்டவர்க்குரிய பங்கு காலாவதியாயிற்று. இதனை எண்ணி ரீவ்ஸ் மனமுடைந்து ஓய்ந்துவிடவில்லை. எஞ்சிய காலத்தையும் புதிய ஆராய்ச்சியிலேயே கழித்தார்.

துபாஷிப் பொறி

இக்காலத்தில் ரீவ்ஸின் பணி நமக்கு எவ்வாறு பயன்படுகின்றது என்பதைச் சிறிது விரித்துரைப்பேன். அறந்தாங்கியினின்றும் மணமேல்குடியினின்றும் கோட்டைப்பட்டினத்தினின்றும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றிற்குச் சென்று உழைப்போர் பலர். அவர்கள் இணையத்தின் வழியே பேச, ஊரிலுள்ள தாய் சாதாரணத் தொலைபேசியிற் கேட்கின்றாள் என்று கொள்வோம். இணையவழித் தொலைபேசி இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி இசைவு பெற்றது. தாயின் பக்கத்துத் தொலைபேசி வலையும் மகனின் பக்கத்து இணையமும் குரலை ஒரே வகையாகக் குறிப்பதில்லை. குரலைக் குறியாக்கிப் பின் குறியைக் குரலாக்கும் முறையைக் கோடெக் என்பர். இருவர்க்கும் கோடெக் வேறாயின், இடையில் நின்று மொழிபெயர்க்கும் பொறி ஒன்று வேண்டும். அதனைக் கேட்வே என்பர். நுழைவாயில் என்பது பொருள். பழங்காலத்துக் கம்பெனியாரிடம் இருபாடையும் அறிந்து நடுநின்ற துபாஷியைப் போன்றது அது.

தொலைபேசி வலையிற் குரல் ஒரு நொடிக்கு 8,000 முறை அளக்கப்பெறும். ஒவ்வோர் அளவும் 256 படிகளுள் ஒன்றாக எட்டுக் குறிகளால் எழுதப்பெறும். ஆகவே நொடிக்கு 64,000 குறிகள். இது 1972-ஆம் ஆண்டு ஜி.711 என்னும் பெயரால் உலகப் பொதுவிதியாயிற்று. மெல்லொலிக்கு நெருங்கிய படிகளும் வல்லொலிக்கு அகன்ற படிகளும் வகுப்பதில் இருமுறை உண்டு. இந்தியாவும் ஐரோப்பாவும் ஏ விதியையும், அமெரிக்காவும் ஜப்பானும் மியூ விதியையும் கொண்டன. இவ்விரண்டும் சந்திக்குமிடத்து மாற்றும் கடமை மியூ விதியாரையே சார்ந்தது.

இணையத்திற் குறிகளைச் சிக்கனமாக அனுப்ப விரும்புவோர்க்கு 1996-ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்ற ஜி.729 என்னும் கோடெக் உதவிற்று. அதற்கு நொடிக்கு 8,000 குறிகளே போதும். ஒலியின் வடிவை அளந்து அனுப்பாது, மனிதக் குரல்வளையும் வாயும் அவ்வொலியை எவ்வாறு பிறப்பித்திருக்கும் என்று கணித்து அனுப்புவது அம்முறை. கான்பூரில் 1933-ஆம் ஆண்டு பிறந்த பிஷ்ணு அட்டால் என்னும் இந்திய அறிஞர் பெல் ஆய்வுக்கூடத்திற் செய்த ஆராய்ச்சியும், 1985-ஆம் ஆண்டு மான்பிரட் ஷ்ரோடர் என்பாருடன் அவர் வெளியிட்ட முறையுமே இதற்கு அடிப்படையாகும்.

கேட்வேயை அமைப்போர் முதற்கண் செய்யத்தக்கது, இருபுறமும் எவ்வெக் கோடெக்குகளை அறியும் என்று வினவி, விருப்பமுறையில் வரிசைப்படுத்துவதாகும். அழைப்பின் தொடக்கத்தில் இருபுறமும் தத்தம் வரிசையைக் காட்டும். பொதுவானது ஒன்று இருப்பின் மொழிபெயர்ப்பே வேண்டா, அதுவே சிறந்தது. இல்லையாயிற் பொறி ஒருபுறத்துக் குறியைப் பிரித்து, நொடிக்கு 8,000 ஆகிய எளிய எண்வரிசையாக்கி, அவ்வெண்வரிசையை மறுபுறத்துக் குறியாக மீளக் கட்டும். எத்துணைப் புதிய கோடெக்குகள் தோன்றினும், ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்லும் வழியின் நடுவே நிற்பது ரீவ்ஸ் பாரிசில் வகுத்த எண்வரிசையே. அவர் பெயரை அறியாத பொறிகளும் அவர் மொழியிலேயே தமக்குள் உடன்படுகின்றன.

சிக்கனத்தையும் அளவறிந்தே மதிப்பிடுதல் வேண்டும். குரலை நொடியின் ஐம்பதிலொரு பங்காகப் பகுத்துப் பொதியாக்கினால், ஜி.711-ல் ஒரு பொதிக்கு 160 பைட்டுகளும் ஜி.729-ல் 20 பைட்டுகளும் ஆகும். ஒவ்வொரு பொதியின் மேலும் முகவரி முதலியன 40 பைட்டுகள் ஏறும். எனவே வழியிற் செல்லும் மொத்தம் நொடிக்கு 80,000 குறிகளுக்கு எதிர் 24,000 குறிகளாகும். குரலளவில் எட்டிலொன்றாகக் குறைந்தது, உறையும் சேர்ந்தபொழுது பத்தில் மூன்றாகவே குறைந்தது. கடிதம் சிறிதாயினும் உறையின் எடை குறையாதன்றோ?

இன்னும் சில கருதத்தக்கன. குரலுக்கென்றே அமைந்த சிக்கனக் கோடெக், தொலைபேசிப் பொத்தானை அழுத்தும்போது எழும் இரட்டைச் சுருதியைச் செம்மையாக ஏந்தாது. ஆதலின் அழுத்திய எண்ணைக் குரலோடு கலவாது தனிச் செய்தியாக அனுப்புமாறு கேட்வேயிற் குறித்தல் வேண்டும். பேக்ஸ் செய்திக்கும் இஃதொக்கும். அதற்கு வேறு விதி உண்டு. மொழிபெயர்க்கும் ஒவ்வோரழைப்பும் பொறியின் ஆற்றலை உண்ணுமாகலின், ஒரே காலத்தில் எத்தனை அழைப்புக்களைத் தாங்கும் என்பதையும் முன்னரே கணித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. எண்வரிசையை எத்தனை முறை பெயர்த்தெழுதினும் தேய்வில்லை. சிக்கனக் கோடெக் ஒன்றினின்று மற்றொன்றிற்கு மாற்றுந்தோறுமோ குரலில் ஏதேனும் ஒன்று உதிர்ந்துபோகும். காலத் தாழ்வும் உண்டாகும். ஆகையால் வழியில் இரண்டு மூன்று இடங்களில் மாற்றாது ஓரிடத்திலேயே மாற்றுக என்பது தொழிலறிந்தார் கொள்கை. இது மொழிபெயர்ப்பிற்கும் பொருந்தும். தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியபோது, வேறு பெயர்ப்பினின்று பெயர்க்காது கிரேக்க மூலத்தையே நாடிச் சென்றார். மூலத்திற்கும் நமக்கும் இடையே கைகள் மிகுமளவிற்கு மூலத்தின் குரல் மெலியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிற்காலம்

போருக்குப்பின் ரீவ்ஸ் ஸ்டாண்டர்டு கம்பெனியாரின் தொலைத்தொடர்பு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைமை ஏற்றார். மின்னினும் விரைவாகப் பெருந்தொகைச் செய்திகளை ஏந்துதற்கு ஒளியே தக்கது என்று பிறர் நகைத்த காலத்திலேயே அவர் நம்பி இளைஞரை ஊக்கினார். ஹார்லோ நகரிலிருந்த அவ்வாய்வுக்கூடத்திலேயே சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்னும் இருவரும் கண்ணாடி இழையின் வழியே ஒளியை நெடுந்தூரம் செலுத்தலாம் என்று 1966-ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டனர். அதற்காகவே காவோ 2009-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இன்று கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியே நம் குரல் எண்களாகச் செல்கின்றது. எண்ணை வகுத்தவரும் ரீவ்ஸ். இழையைத் தேடியோர்க்கு நிழலாக நின்றவரும் அவரே.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியே அவர் இளைஞர் நலத்திலும், சிறையினின்று மீண்டோர் நல்வாழ்வு பெறுதற்குரிய பணியிலும் ஈடுபட்டார். மறைந்தோர் உயிர்களோடு தொடர்புகொள்ளும் ஆராய்ச்சியில் அவர் கொண்ட நாட்டத்தைக் கிறிஸ்தவராகிய நாம் ஒப்புதற்கில்லை. ஆயினும் கடல்களுக்கு அப்பாலுள்ள குரலையே வாழ்நாளெல்லாம் கேட்க முயன்றவரின் உள்ளம், கல்லறைக்கு அப்பாலும் செவிசாய்த்தது என்று இரங்கலாமன்றி இகழ்தல் தகாது. 1969-ஆம் ஆண்டு ஆங்கில அரசினர் அவருக்குச் சி.பி.இ. என்னும் விருதளித்தனர். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் அஞ்சல் துறையார் அவருடைய எண்முறையைச் சிறப்பித்து அஞ்சல் தலை ஒன்றையும் வெளியிட்டனர். 1971-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13-ஆம் நாள் ரீவ்ஸ் இவ்வுலக வாழ்வை நீத்தார். எண்முறைத் தொலைபேசியின் பொதுவிதி உலகிற்கு உரியதானது அதற்கு அடுத்த ஆண்டில்.

முடிவுரை

பாபேலிற் சிதறிய பாஷைகளை மீண்டும் ஒரே பாஷையாக்குதல் கடவுளின் திருவுள்ளம் அன்று என்பதைப் பெந்தெகொஸ்தே நாளின் நிகழ்ச்சியால் அறிகின்றோம். அன்று கூடியிருந்தோர் தத்தம் மொழியை இழந்திலர். ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்டு உணர்ந்தனர். பலவாகிய கோடெக்குகளை ஒழித்து ஒன்றாக்க முயன்றவர் பலர், அது கைகூடவில்லை. அவரவர் முறை அவரவர்க்கு இருக்க, நடுவே நின்று ஒருவர் குரலை மற்றவர்க்கு விளங்கச் செய்யும் பொறியே நிலைத்தது. நம் நாட்டிலும் சாதியாலும் சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்டு நிற்போரிடையே நடுநின்று, ஒரு பக்கத்தாரின் குரலை மறுபக்கத்தார்க்கு மிகையும் குறையுமின்றி எடுத்துரைக்கும் மக்களே வேண்டப்படுகின்றனர். அத்தொழிலுக்கு இருபுறத்து மொழியையும் கற்றிருத்தல் வேண்டும். கேட்டதைக் கேட்டவாறு கூறும் நேர்மையும் வேண்டும். கல்லூரிக் கல்வி நமக்கு இவ்விரண்டையும் தருமாயின் அதுவே பெரும்பேறு.

குடுமியான்மலைப் பாறையில் இசையைப் பொறித்த அரசர் திறவுகோலையும் விட்டுச் சென்றிருப்பாராயின், அவர் மாணாக்கர் கேட்ட பண்களை நாமும் இன்று கேட்டிருப்போம். ரீவ்ஸ் குறியையும் திறவுகோலையும் ஒருங்கே உலகிற்கு அளித்தார். அளித்ததன் ஊதியம் தம் கைக்கு வாராதது கண்டும் வருந்தி நின்றாரல்லர். மணமேல்குடியில் ஒரு தாய் தன் மகன் குரலைத் தெளிவாகக் கேட்டு மகிழுந்தோறும், அவளறியாத அம்மனிதர்க்கு உரிய கைம்மாறு செலுத்தப்பெறுகின்றது என்று நாம் கொள்வோமாக.